வாய்ச்சொற் குத்தகையும் வளமிழக்கும் மண்ணும்

பொரளையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவரிற் பலருக்கு வலிகாமத்திலே சில பரப்புச் செம்பாட்டுத் தோட்டக்காணி உண்டு. வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணி என்று அவர்கள் தொழில் பலவாயினும் அக்காணியோடு அவர்களுக்குள்ள தொடர்பு ஒன்றே; ஆண்டு முடிவில் குத்தகைப் பணம் வந்து சேருகின்றது. காணி எந்நிலையில் இருக்கின்றது என்று கேட்போர் மிகச் சிலர். அக்கேள்வியை இன்று நாம் எழுப்புகின்றோம். நிலத்துக்குரியவரும் நிலத்தைக் கொத்துபவரும் இருவருமே இதற்குச் செவிசாய்த்தல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழை மண்ணூடாக இறங்கிச் சுண்ணக்கல்லிலே தேங்கி, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீராக நிற்கின்றது. அந்நீரையும் கோப்பாய், உரும்பிராய், இணுவில், சுன்னாகம் ஆகிய ஊர்களின் செம்மண்ணையும் கொண்டே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. செம்மண்ணில் நீர் தேங்காது. வேர் எளிதில் ஓடும். ஆனால் அக்குணமே அதன் குறையுமாகும். இட்ட பசளையை அது நெடுங்காலம் பிடித்து வைத்திராது. அடியிலுள்ள சுண்ணாம்பினாற் காரத்தன்மை மிகுந்தவிடத்துப் பொசுபரசு கட்டுண்டு போகும். நாகமும் இரும்பும் பயிருக்கு எட்டா. இதனை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆகவே ஆட்டுப்பட்டி அடைத்தனர், மாட்டெரு இட்டனர், பனையோலையையும் குழையையும் மண்ணிலே தாழ்த்தனர், சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுது மடக்கினர்.

துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்தபின் நிலைமை மாறியது. 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்திலே தோட்டக்காரன் கையில் பணம் புரண்டது, போகங்கள் பெருகின, பசளை மூடைகளும் பெருகின. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது; விலை வீழ்ந்தது. ஆயினும் நிலத்தைப் பிழிந்தெடுக்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. பயிர் உண்ணாத நைதரசன் நைத்திரேற்றாகக் கிணற்றை அடைகின்றது. குடிநீர் ஒரு இலீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. நம் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை மீறப்பட்டுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிற் கரைத்த பாலை அருந்தும் கைக்குழந்தைக்கு அது நஞ்சாகலாம்.

அப்படியாயின் இரசாயனப் பசளையை அடியோடு ஒழித்துவிடலாமா? 2021 மே மாதத்தில் அரசாங்கம் அதனையே செய்தது. போதிய ஆயத்தமின்றி இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அத்தடையைத் தானே தளர்த்தியது. அடுத்த பெரும்போகத்தில் நாடெங்கும் நெல் விளைச்சல் சரிந்தது. வர்த்தமானி அறிவித்தலால் மண் வளம் பெறாது. அதற்கு ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகள் முழுவதும் ஒரே கை அந்நிலத்தைப் பேணுதல் வேண்டும்.

இங்கேதான் நோயின் வேர் இருக்கின்றது. சணல் விதைப்பவன் அக்காலத்துக்குரிய வருமானத்தை இழக்கின்றான். எருவுக்குச் செலவிட்ட பணம் முழுவதும் முதற் போகத்திலே திரும்பாது. அடுத்த ஆண்டு அக்காணி யார் கையில் இருக்குமென்று அறியாதவன் எதற்காக அதனை வளப்படுத்துவான்? அவனைப் பேராசைக்காரன் என்று பழிப்பது நீதியாகாது. அவனுக்கு இருப்பது வாயாற் பேசிய ஓராண்டுக் குத்தகை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் உறுதியாக எழுதப்படாவிடின் சட்டத்தில் வலுவற்றது என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமும் அதன்பின் வந்த சட்டங்களும் வயற் குத்தகைக்காரனுக்குக் காவல் அளித்தன. தோட்டக் குத்தகைக்காரனுக்கோ அக்காவல் இல்லை.

“எழுதிக் கொடுத்தாற் காணி போய்விடுமே” என்று உரியவர் அஞ்சுவதை நாம் அறிவோம். வயற் சட்டத்தைக் கண்டு பிறந்த அச்சம் அது. ஆனால் தோட்டக்காணிக்குத் தவணை குறித்து எழுதிய உறுதி அத்தவணையோடு முடிகின்றது. எல்லையும் தொகையும் முடிவுநாளும் எழுத்தில் இருப்பது உரியவருக்கே முதற் பாதுகாப்பு. வழக்கை வளர்ப்பது வாய்ச்சொல்லேயாகும்.

ஆகவே நாம் வேண்டுவது இது: குத்தகை ஐந்தாண்டுக்கு உறுதியாக எழுதப்படுக. ஆண்டுக்கொரு முறை பசுந்தாட் பசளை தாழ்ப்பதும், தொடக்கத்திலும் முடிவிலும் மண்ணைப் பரிசோதிப்பதும், பரிசோதனை காட்டும் அளவுக்கு மேற் பசளை இடாதிருப்பதும் அதில் நிபந்தனைகளாகுக. அதற்கீடாக முதலாண்டுக் குத்தகையை உரியவர் குறைத்துக்கொள்ளுக. நம் நொத்தாரிசுமார் கூலியைக் குறைத்து இவ்வுறுதிகளை எழுதுக. தோட்டக் குத்தகைக்கும் காவல் தரும் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் கேட்பாராக.

1990இல் மக்கள் வெளியேற்றப்பட்ட வலிகாமம் வடக்கின் செம்மண் நிலங்கள் இன்னமும் முழுமையாக விடுவிக்கப்படவில்லை. அவற்றைத் திருப்பிக் கேட்பது நம் உரிமை. அக்கோரிக்கையை நாம் ஒருபோதும் கைவிடோம். ஆனால் நம் கையிலுள்ள நிலத்தை நாமே மலடாக்கிக்கொண்டு அவ்வுரிமையைப் பேசினால் நம் சொல்லுக்கு மதிப்பேது?

அடுத்த குத்தகைப் பணம் வரும்போது, வெள்ளவத்தை வீட்டிலிருந்து ஊருக்கு ஒரு கடிதம் போகட்டும். “மண் எப்படி இருக்கிறது, கிணற்றுநீர் எப்படி இருக்கிறது, உறுதி எழுதுவோமா?” என்று அதிலே கேட்கப்படட்டும். மாரி மழைக்கு முன்னரே அக்கடிதம் போதல் நன்று.