75 சதவீதமும் ஒரு யூனிட் ரத்தமும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: "எத்தனை மார்க்? எந்தக் காலேஜ்?" தலசீமியா உள்ள பிள்ளையின் வீட்டில் மட்டும் கேள்வி வேறு. "இந்த ஒடம்ப வெச்சிக்கிட்டு காலேஜெல்லாம் எதுக்கு?"

கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அக்கறையில் கேட்கிறார்கள். ஆனால் கேள்வி தப்பு. இந்தப் பிள்ளை படிக்கக் காலேஜ் என்ன ஏற்பாடு செய்யும் என்றுதான் கேட்க வேண்டும்.

சொந்தத்தில் கல்யாணம் சகஜமாக இருக்கும் தர்மபுரி மாவட்டத்தில் இது யாரோ எங்கோ படும் கஷ்டம் அல்ல. அப்பா, அம்மா இருவருக்கும் தலசீமியாவின் ஒரு மரபணு இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. நோய் தீவிரமாக இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்புச்சத்தை வெளியேற்றத் தினமும் மருந்து. இதைச் சரியாகச் செய்தால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், குடும்பம் நடத்தலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 சதவீத வருகை என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். மிச்சம் 22. ஐந்து மாதத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஏழு தடவை ரத்தம். அரூர் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு வந்து, ரத்தம் பொருத்தம் பார்த்து, ஏற்றிக்கொண்டு ஊர் திரும்ப இரண்டு நாள் என்று வைத்தால் 14 போச்சு. மீதி எட்டு நாள். ஒரு டைபாய்டு வந்தால் அதுவும் காலி!

பள்ளியில் இந்தப் பிரச்சினை இவ்வளவு தெரியாது. கிளாஸ் டீச்சருக்கு அம்மாவைத் தெரியும், ஹெச்.எம்.முக்கு விஷயம் தெரியும். காலேஜில் செமஸ்டருக்கு ஐந்தாறு பேராசிரியர்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. கடைசியில் ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் மெடிக்கல் சர்டிபிகேட்டோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இது சலுகைப் பிச்சை இல்லை. 2016ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் மூன்றையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று இருந்தால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அவரவர் தேவைக்கேற்ற ஏற்பாடு செய்து தருவதும் கல்லூரியின் கடமை என்கிறது அதே சட்டம். அந்த அடையாள அட்டையை பிளஸ் டூ படிக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

அட்மிஷன் அன்றே டாக்டரின் ஒரு பக்கக் கடிதம் முதல்வர் கைக்குப் போகட்டும். ரத்தம் ஏற்றும் நாட்கள் வருகையில் கழிக்கப்படக் கூடாது. இன்டர்னல் தேர்வுக்கு மாற்றுத் தேதி வேண்டும். "எல்லோரும் பொய் சர்டிபிகேட் கொண்டு வருவார்களே?" என்பார்கள். ரத்தம் ஏற்றிய ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் தேதியோடு இருக்கிறது. சந்தேகம் என்றால் கேட்டுக்கொள்ளலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. பதினைந்து வருடமாக அம்மா சுமந்த ஃபைலை பிளஸ் ஒன்னிலேயே பிள்ளை கையில் கொடுங்கள். கடைசி ஹீமோகுளோபின் எவ்வளவு, மாத்திரை பெயர் என்ன, அடுத்த தேதி எது என்று அது தானே சொல்லப் பழகட்டும். காலேஜில் அம்மா கூட வரமாட்டார்.

கூடப் படிப்பவர்களுக்கு? "ஐயோ பாவம்" வேண்டாம். வராத நாள் நோட்ஸ் கொடுத்தால் போதும். இன்னொன்றும் முடியும். 18 வயது, 45 கிலோ எடை, 12.5 ஹீமோகுளோபின் இருந்தால் ரத்தம் கொடுக்கலாம். லீவு விட்டதும் காலேஜ் முகாம்கள் நின்றுபோகும், ரத்த வங்கியில் கையிருப்பு குறையும். அந்தப் பிள்ளைக்கோ மே மாதமும் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான்.

பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கு 75 சதவீதம் என்பது வெறும் விதி. இவர்களுக்கு அது டிகிரிக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கும் கதவு. அதைத் திறக்கப் பணம் கூட வேண்டாம், ஒரு கையெழுத்து போதும்!