உங்கள் பெயரில் ஒரு தொட்டி



அம்மாவிடம் கேட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடுகு, வெந்தயம்... அருகிலேயே மல்லியும் இருக்கும். வறுக்காததாக, ரொம்பப் பழசாகாததாக இருந்தால் இவை எல்லாமே முளைக்கும். ஒரு சின்ன விதைக்கடையே உங்கள் அடுப்படியில் இருக்கிறது. பிறகு, "சிட்டியில் எங்கே செடி வளர்ப்பது?" என்று கேட்கலாமா?

தமிழகத் தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கான பை, விதை, தென்னை நார்க்கழிவு எல்லாவற்றையும் சேர்த்து மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால், முதன்முதலாக விதைக்கும் உங்களுக்கு அவ்வளவும் வேண்டாம். உடைந்த பக்கெட் போதும். அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம் வேண்டும். பெயிண்ட் டப்பாவும் பூச்சிமருந்து டப்பாவும் கூடவே கூடாது. சாப்பிடப் போகும் கீரை அல்லவா? செம்மண், மட்கிய எரு, நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து முக்கால் பாகம் நிரப்புங்கள். நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும்.

முதல் பயிராக வெந்தயத்தையே சொல்வேன். இரவு ஊறவைத்து, காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் தூவி, மெல்லிசாக மண்ணைப் போட்டால் போதும். மூன்று நான்கு நாளில் தலை நீட்டும். மூன்று நான்கு வாரத்தில் குழம்புக்குக் கீரை தயார். மல்லி இவ்வளவு அவசரப்படாது. நாம் மல்லி விதை என்று சொல்லும் உருண்டை, உண்மையில் ஒரு காய். உள்ளே இரண்டு விதைகள் உண்டு. அதனால் லேசாக நசுக்கி இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். முளைக்கப் பத்து நாளுக்கு மேலும் ஆகலாம். தினமும் மண்ணைக் கிளறிப் பார்த்தால் முளைக்கவே முளைக்காது!

கை பழகிய பிறகு பாகல் போடுங்கள். மொட்டை மாடியில் நல்ல வெயிலும், ஏறுவதற்குக் கயிறும் இருந்தால் போதும். முதலில் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும், எல்லாம் உதிர்ந்துவிடும். "இது காய்க்காத கொடி" என்று பெரியவர்கள் பிடுங்க வந்தால் விடாதீர்கள். முதலில் வருபவை ஆண் பூக்கள். பெண் பூ பின்னால் வரும். அதன் அடியில் குட்டிப் பாகற்காய் ஒன்று ஒட்டியிருக்கும். தேனீ வந்தால் கவலையில்லை. வராவிட்டால், அதிகாலையில் ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். அன்றைக்குத் தேனீயின் வேலை உங்களுடையது.

இரண்டு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். ஒன்று, தண்ணீர். 2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, சென்னை மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். குடிநீர்க் குழாயைச் செடிக்குத் திறந்து விடுவது எனக்குச் சம்மதமில்லை. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீருமே உங்கள் தொட்டிக்குத் தாராளம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று ஊற்றவே வேண்டாம்.

இரண்டாவது, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. அதில் தேங்கும் நீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளரும். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் போதும். முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவ வேண்டும். உங்கள் கீரைக்காகப் பக்கத்து வீட்டுப் பாப்பா காய்ச்சலில் படுக்கலாமா?

கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்காதீர்கள். காற்றடித்து விழுந்தால் கீழே போகிறவர் தலை என்னாவது?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் செடி வாடினால், இரக்கப்பட்டு நீங்கள் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அவர்களே பார்க்கட்டும். வீட்டுப்பாடத்தை நீங்கள் எழுதிக் கொடுப்பதில்லையே! (சிலர் கொடுக்கிறீர்கள், தெரியும்.)

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தொட்டியைப் பக்கத்து வீட்டு நண்பனிடம் ஒப்படையுங்கள். பறிக்கும் கீரையில் பாதி அவனுக்கு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.