புகைக்குழாயும் நம் மௌனமும்

பாலோ போன்ற சிற்றூரில் உணவகத்தின் மீது முறையிடுவதைக் காட்டிக்கொடுத்தல் என்கின்றனர். "நம்மவர் பிழைப்பில் மண்ணைப் போடலாமா?" என நல்லோரும் கேட்கின்றனர். இப்பேச்சை நான் ஏற்பதற்கில்லை.

அடுப்பின் மேலுள்ள வலைச்சட்டத்தைச் சிலர் கழுவுவர். அது கண்ணுக்குத் தெரிவது. அதற்கப்பால் கூரைவரை செல்லும் தகரக் குழாயின் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மாதக்கணக்கில் படிந்து இறுகும். வாணலியில் தீப்பற்றினால் விசிறியே சுடரை மேலிழுக்கும், பிசுக்கு எரிபொருளாகும். பழைய கடைவீடுகளோ சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. பலவற்றின் மாடியில் ஆட்கள் உறங்குகின்றனர்.

தீ மூளும் வாய்ப்பை மிகுவிக்கும் நிலையையே தீ இடர் என்கிறது 1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டம். அதனை நீக்குமாறு தீயணைப்புத் துறை அறிவிப்புக் கொடுக்கலாம். குழாயைத் துப்புரவு செய்தால் யார் பிழைப்புக் கெடும்?

கும்பகோணத்தை ஆசிரியர்களாகிய நாம் மறக்கலாமா? 2004 ஜூலை 16ஆம் நாள் பள்ளிச் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அக்கூரை மறைந்திருந்ததன்று; வந்துபோனோரெல்லாம் கண்டதே.

மாணவர்க்கு முறையீட்டுக் கடிதம் கற்பிக்கின்றோம். பழுதடைந்த சாலையே என்றும் தலைப்பு! இனிப் புகைக்குழாயைக் கொடுப்போம். இடம், கண்ட நாள், கண்டது ஆகியவற்றை மிகையின்றி எழுதட்டும். கடைக்காரரிடம் முதலில் நாமே சொல்வோம். ஒரு வாரத்தில் அவர் அசையாவிடில், ஆசிரியர் கையொப்பத்துடன் அக்கடிதம் குளுவாங் தீயணைப்பு நிலையத்துக்குச் செல்லட்டும்.