ஒரே துணி, இரண்டு சட்டம்

கடந்த கார்த்திகையில் காரைக்கால்மேட்டில் நான்கு நாள் விடாத மழை. இரண்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளுக்கு இருப்பதே இரண்டு பினோஃபார்கள். இரண்டும் காயவில்லை. அக்கா அதிகம் யோசிக்கவில்லை. மூத்தவனுக்குச் சின்னதாகிப்போன டவுசரையும் சட்டையையும் எடுத்து மகளுக்குப் போட்டு அனுப்பிவிட்டாள். பிள்ளைகள் இருவரும் படிப்பது ஒரே தனியார் பள்ளி. பினோஃபாரும் டவுசரும் ஒரே கடையில் ஒரே சுருளில் வெட்டிய துணி. நிறத்தில்கூட வித்தியாசம் கிடையாது.

அன்று காலை பிரேயர் முடிந்ததிலிருந்து இன்டர்வல் மணி அடிக்கும்வரை குழந்தை வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறாள். டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி: பெண் பிள்ளைகளுக்கான சீருடையில் மட்டுமே அனுப்பவும்.

மாலையில் என்னிடம் கேட்டாள்: “நான் பாய்ஸ் டிரஸ் போட்டுட்டேனாம் சித்தி. அது அண்ணன் டிரஸ்தானே?”

மறுநாள் அக்காவோடு நானும் பள்ளிக்குப் போனேன். எங்களிடம் பேசிய பொறுப்பாசிரியை கோபப்படவில்லை. உட்காரச் சொல்லிப் பொறுமையாகத்தான் விளக்கினார். “ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம். பொம்பளப் பிள்ளைங்கள சின்ன வயசுலயே பழக்கணும். பெரிசானப்புறம் சொன்னா கேக்காதுங்க.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத்தான் திட்டினார். “பள்ளிக்கூடம் கெடைச்சதே பெருசு. இதுக்குப் போயி சண்டை போடுவியா?” கூடையில் மீன் சுமந்து, தெருத்தெருவாக விற்று எங்களைப் படிக்க வைத்தவர் அவர். பள்ளி வாசலை மிதித்ததில்லை. அவர் கேட்டதை நான் எளிதாகத் தள்ளிவிட முடியாது. உண்மையிலேயே இது சண்டை போடுகிற விஷயமா? சாதிவெறித் தாக்குதல்களும் ஆணவக்கொலைகளும் நடக்கிற நாட்டில், ஏழு வயதுக் குழந்தையின் பாவாடை ஒரு பிரச்சினையா?

ஆமாம் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஆசிரியை சொன்ன ‘பழக்கணும்’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது.

எதைப் பழக்குகிறோம்?

பாவாடை போட்ட குழந்தை தரையில் உட்காரும்போது முதலில் கற்பது அ, ஆ அல்ல, காலை மடக்கி வைக்க. சறுக்கு மரத்தில் ஏறும்முன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க. காற்றடித்தால் இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொள்ள. இதைத் தெரிந்துதான் அம்மாக்கள் பாவாடைக்கு உள்ளே ஒரு ஷார்ட்ஸ் போட்டு அனுப்புகிறார்கள். அதாவது, ஓடியாடுகிற உடையைக் குழந்தை ஏற்கெனவே போட்டிருக்கிறாள். அதை மறைக்க மேலே இன்னொரு உடை! இதே நேரத்தில், எதைப் பற்றியும் கவலைப்படாமல் குதிக்கலாம் என்று பையன் கற்கிறான். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தப் பாடம் இருவருக்கும் நாள் முழுக்க நடக்கிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் 135 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குழந்தைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைப்போடு விளையாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை எட்டுவதில் தொடக்கப்பள்ளி வயது ஆண், பெண் குழந்தைகளுக்கிடையே உள்ள இடைவெளி, பெரும்பாலான பள்ளிகளில் சீருடை கட்டாயமாக இல்லாத நாடுகளில் 5.5 சதவீதப் புள்ளிகள். கட்டாயமாக உள்ள நாடுகளில் 9.8. சீருடைதான் இதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால், ஒரு பள்ளி வராந்தாவில் பத்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்கு அந்த எண்கள் வியப்பளிக்காது.

உடையில் எழுதிய சாதி

சீருடையை நான் எதிர்க்கவில்லை. காமராசர் காலத்தில் மதிய உணவைப் போலவே சீருடையும் நம் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்த ஏற்பாடு. கிழிந்த துணியோடு வருகிறவனும் பட்டுச் சட்டையோடு வருகிறவனும் ஒரே பெஞ்சில் ஒரே மாதிரி உட்கார வேண்டும் என்ற எண்ணம் சமத்துவ எண்ணம். ஏனென்றால், இந்த மண்ணில் உடை என்பது வெறும் துணியாக இருந்ததே இல்லை.

1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த தடைகளை ஜே.எச்.ஹட்டன் தன் நூலில் பட்டியலிட்டிருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது. சட்டை, பனியன் போடக்கூடாது. தலைமுடியைக் கிராப் வெட்டக்கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக்கூடாது. அடுத்த ஆண்டு விதித்த தடைகளில் இன்னொன்றும் சேர்ந்தது: அவர்களின் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது. உடைக்கான தடையும் கல்விக்கான தடையும் ஒரே கையால் எழுதப்பட்டவை.

தென்திருவிதாங்கூரில் தோளை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859-இல் மன்னர் அனுமதி கொடுத்தபோதுகூட, ‘உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக்கூடாது’ என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார். 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர் பேசியது புடவை கட்டும் முறையைப் பற்றியும்தான். தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும் விதத்தில் கட்டுவதை விடுங்கள் என்றார். நம் தலைவர்கள் உடையைச் சின்ன விஷயமாக நினைத்ததில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு சாதிப் பெண்ணிடம் ‘மறைக்காதே’ என்கிறார்கள். இன்னொரு சாதிப் பெண்ணிடம் ‘மறை’ என்கிறார்கள். இரண்டும் ஒரே அதிகாரம் போட்ட கட்டளைகள். எவ்வளவு துணி என்பதில் அந்த அதிகாரத்துக்கு அக்கறையில்லை. முடிவு எடுப்பது யார் என்பதில்தான் அக்கறை. துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கப் போகும்போது என் அம்மா புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருப்பார். உழைக்கிற பெண்களின் உடை வேலைக்கு ஏற்ப மாறும். அந்த அம்மாவின் பேத்திக்குத்தான் ‘அடக்கம்’ பழக்குகிறார்கள்.

சீருடை, சாதியின் கோட்டை வகுப்பறையிலிருந்து அழிக்கப் பார்த்தது. முழுதாக அழிந்துவிடவில்லை. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யுங்கள் என்று நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. ஆனால் ஆண், பெண் என்ற கோட்டைச் சீருடை தொடவே இல்லை. மாறாக, அதைத் தையல் போட்டு உறுதியாக்கியது.

இந்த இரண்டு கோடுகளும் வேறு வேறு அல்ல. சாதியின் அடிப்படை அகமணமுறை என்றும், பெண்ணைக் கட்டுப்படுத்தாமல் அகமணமுறை நிலைக்காது என்றும் 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் காட்டினார். பெண்கள் கிராப் வெட்டிக்கொள்ளட்டும், ஆண்களைப் போல உடுத்தட்டும் என்று பெரியார் சொன்னதும் சும்மா அதிர்ச்சி கொடுப்பதற்கு அல்ல. ‘பெண் உடம்பு என்றால் கண்காணிக்க வேண்டிய உடம்பு’ என்பதை ஒரு குழந்தை எங்கே முதலில் கற்கிறாள்? இரட்டைப் பின்னலும் ரிப்பனும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் காலைப் பரிசோதனையில். பத்து வருடம் கழித்து அவள் யாரோடு பேசுகிறாள் என்று ஊர் விசாரிக்கும்போது அது அவளுக்குப் புதிதாகத் தெரியாது. பழக்கிவிட்டோமே!

வளையன்சிறங்கரையும் பாலுசேரியும்

மாற்ற முடியாதா? கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் வளையன்சிறங்கரை அரசு தொடக்கப்பள்ளி மாற்றிக் காட்டியது. 2018-இல் திட்டமிட்டு, கொரோனாவுக்குப் பின் 2021-இல் பள்ளி திறந்தபோது ஆண், பெண் குழந்தைகள் எல்லோருக்கும் முக்கால் டவுசரும் சட்டையும். பெற்றோர் ஆதரவோடு நடந்த மாற்றம் அது. ஓடுவதற்கும் கழிப்பறை போவதற்கும் எது வசதி என்ற எளிய கேள்வியிலிருந்து தொடங்கியது.

அதே ஆண்டு டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரி அரசுப் பெண்கள் மேல்நிலைப்பள்ளியில் பிளஸ் ஒன் மாணவிகளுக்குப் பேண்ட், சட்டை வந்தபோது இஸ்லாமிய அமைப்புகள் எதிர்த்தன. எதிர்ப்பு வளர்ந்தது. குறிப்பிட்ட சீருடை எதையும் அரசு திணிக்காது என்று 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில் சொன்னார்.

இந்த எதிர்ப்பை ‘மதவாதம்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டுப் போக நான் தயாரில்லை. காரைக்கால் முஸ்லிம் மக்கள் நிறைய வாழும் ஊர். என்னோடு படித்த தோழிகள் பலர் தலையில் துணி போட்டுத்தான் பள்ளிக்கு வந்தார்கள். 2022-இல் கர்நாடகத்தில் சீருடையின் பெயரைச் சொல்லித்தான் ஹிஜாப் அணிந்த மாணவிகளை வாசலில் நிறுத்தினார்கள். உயர் நீதிமன்றம் தடையை ஏற்றது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். ‘மறை’ என்பது கட்டளை என்றால் ‘கழற்று’ என்பதும் கட்டளைதான். பாலினச் சமத்துவச் சீருடை என்று சொல்லி எல்லோருக்கும் பேண்ட்டைக் கட்டாயமாக்கினால், பழைய கண்காணிப்புக்குப் புதிய சட்டை போட்டதாகத்தான் ஆகும். ‘ஆணின் உடையே பொது உடையா?’ என்ற கேள்வியும் நியாயமானதே.

எனவே நான் கேட்பது வேறு. சீருடையின் துணி ஒன்றாக இருக்கட்டும். டவுசர், பேண்ட், பாவாடை, சுடிதார், தலைத்துணி என்று அந்தத் துணியில் தைக்கக்கூடியவற்றின் பட்டியல் இருக்கட்டும். அந்தப் பட்டியலில் ‘ஆண்’, ‘பெண்’ என்ற இரண்டு தலைப்புகளை மட்டும் அடித்துவிடுங்கள். இது கற்பனை அல்ல. வேல்ஸ் அரசு 2019-இல் தன் பள்ளிகளுக்கு இப்படித்தான் வழிகாட்டியது. அதே ஆண்டு ஜூனில் மெக்சிகோ நகரம், பெண் பிள்ளைகள் பேண்ட்டும் ஆண் பிள்ளைகள் பாவாடையும் அணியலாம் என்று அறிவித்தது.

ஏழைகளுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. அண்ணனின் டவுசர் தங்கைக்கு ஆகும். அக்கா அன்று செய்தது அதைத்தான். குறைந்த வருமானத்தில் நடக்கும் வீட்டின் சிக்கனத்தைப் பள்ளி குற்றமாக்கியது. ‘இதெல்லாம் மேல்தட்டுப் பேச்சு’ என்கிற தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தனக்குக் கொடுக்கப்பட்ட பாலினத்தில் பொருந்தாத குழந்தைகளும் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். ஒருவர் தன் பாலினத்தை உடையால் வெளிப்படுத்துவது அரசமைப்பு தரும் கருத்துரிமையில் அடங்கும் என்று 2014-இல் நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியிருந்தும் பால்புதுமைக் குழந்தைகளைப் பற்றி ஆசிரியர்களுக்காக 2021-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கழகம் வெளியிட்ட கையேடு, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே இணையத்திலிருந்து காணாமல் போனது.

அலை வந்த நாள்

கடற்கரைப் பெண்ணாக எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நான் ஏழாம் வகுப்பு. கூப்பிடு தூரத்தில் கடல். ஆனால் எனக்கு நீந்தத் தெரியாது, என் தம்பிக்குத் தெரியும். மரமேறத் தெரியாது, அவனுக்குத் தெரியும். நனைந்த நீளப் பாவாடை காலைச் சுற்றியதும், பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியதும் இன்றும் நினைவில் இருக்கின்றன. எல்லோருக்கும் அப்படி ஒரு கை கிடைக்கவில்லை.

கடலூர் மாவட்டத்தில் ஆண்கள் 146 பேரும் பெண்கள் 391 பேரும் இறந்ததாக 2005-இல் ஆக்ஸ்ஃபாம் அறிக்கை பதிவு செய்தது. ஆண்கள் கடலுக்குள் இருந்தார்கள், பெண்கள் கரையில் படகுக்காகக் காத்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். நீந்தவும் ஏறவும் பெண்கள் பழக்கப்படாதது இன்னொன்று. அந்தச் சாவுகளுக்குப் பள்ளிச் சீருடை காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெண் குழந்தையின் கை, கால்களுக்கு எதைப் பழக்குகிறோம், எதை மறக்க வைக்கிறோம் என்பது சில நாட்களில் உயிர்ப் பிரச்சினை ஆகிவிடும் என்கிறேன்.

ஒவ்வோர் ஆனி மாதமும் காரைக்காலே கூடி மாங்கனித் திருவிழா கொண்டாடுகிறது. யாருக்கு? ‘அழகான பெண்ணுடல் எனக்கு வேண்டாம்’ என்று உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கியதாகச் சொல்லப்படும் புனிதவதிக்கு. அவளைக் கும்பிட ஊருக்குத் தெரிகிறது. அண்ணன் டவுசரைப் போட்ட ஏழு வயதுக் குழந்தையை வகுப்புக்குள் விடத் தெரியவில்லை.

புதுச்சேரி அரசு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள இரண்டு தலைப்புகளை நீக்க ஒரு சுற்றறிக்கை போதும். குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை இந்த ஆண்டே தொடங்கலாம். தனியார் பள்ளிகளுக்கும் அது பொருந்த வேண்டும். உடைக்காகக் குழந்தையை வெளியே நிறுத்துவது கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்யும் மன உளைச்சல்தான் என்பதைப் பள்ளிகளுக்கு நினைவூட்ட வேண்டும். அதுவரை, இதைப் படிக்கும் தோழர்கள் உங்கள் வீட்டுக் குழந்தையின் பள்ளி டைரியைத் திறந்து விதிகள் உள்ள பக்கத்தைப் படியுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். தனியாகக் கேட்டால் சண்டைக்காரி என்பார்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அக்கா மகள் இப்போது பினோஃபாரில்தான் போகிறாள். நாங்கள் இன்னும் ஜெயிக்கவில்லை. பள்ளி விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு அண்ணன் டவுசரை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடுகிறாள். இந்தக் கோடையில் அவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கச் சொல்லி என் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். கூடவே நானும் இறங்கப் போகிறேன்.