அசைவே மருந்து, வீடே சிகிச்சைக்கூடம்

வத்தல்மலையின் பெரியூர், பால்சிலம்பு போன்ற ஊர்களிலிருந்து மருத்துவம் பார்க்கத் தருமபுரிக்கு வருவோர், இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்குகின்றனர். மூட்டு வலி, முதுகு வலி, பக்கவாதத்தால் தளர்ந்த கைகால் என எதற்காக வந்தாலும், பெரும்பாலோர் எதிர்பார்ப்பது ஓர் ஊசியையும் சில மாத்திரைகளையும்தான். 'பிசியோதெரபி' என்று சொன்னவுடன் முகம் வாடிவிடுகிறது. நாள்தோறும் மலையிறங்கி வருவது எப்படி என்ற கவலையே அதற்குக் காரணம். கவலை நியாயமானது. ஆனால் இயன்முறை மருத்துவத்தின் பெரும்பகுதி மருத்துவமனைக்குள் நடப்பதில்லை. இங்கே கற்றுக்கொண்டு, வீட்டில் செய்துவர வேண்டிய சிகிச்சை அது. இதை நோயாளியும் குடும்பத்தாரும் உணர்ந்தால், தொலைவு ஒரு தடையாக நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

வலிக்கும் உறுப்பை அசைக்காமல் வைத்திருந்தால் குணமாகும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. எலும்பு முறிவுக்கும் கடுமையான சுளுக்குக்கும் ஓய்வு தேவையே. நாட்பட்ட வலியில் நிலைமை வேறு. முழங்கால் மூட்டின் குருத்தெலும்புக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு மடங்கி நீளும்போது, உள்ளிருக்கும் மூட்டு நீரின் வழியாகவே அது ஊட்டம் பெறுகிறது. தொடையின் முன்பக்கத் தசை வலுவாக இருந்தால் நடையின் அதிர்வில் ஒரு பகுதியை அது தாங்கிக்கொள்ளும். அது மெலிந்தால் அந்தச் சுமையும் மூட்டின்மீது விழும். எழாமல் படுத்தே கிடப்பவர் ஒரு வாரத்தில் தம் தசை வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கக்கூடும். இவ்வாறு வலியால் அசைவு குறைகிறது. அசைவு குறைவதால் தசை மெலிகிறது. தசை மெலிவதால் வலி கூடுகிறது. இந்தச் சுழலை மாத்திரை சில மணி நேரம் மறைக்கலாம். அதை அறுப்பது பயிற்சியே. மருத்துவரைக் கேளாமல் மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கினால் இரைப்பையில் புண் உண்டாகலாம், இரத்த அழுத்தம் உயரலாம், சிறுநீரகமும் பழுதுபடலாம்.

"நாள் முழுவதும் காட்டில் உழைக்கிறோமே, எங்களுக்கு எதற்குத் தனியாகப் பயிற்சி?" என்று சிலர் கேட்பதுண்டு. சாமை அறுப்பதும், காப்பிப் பழம் பறிப்பதும், சுமையோடு சரிவில் இறங்குவதும் பேருழைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் உழைப்பு சில தசைகளையே திரும்பத் திரும்ப வருத்துகிறது. வேறு சிலவற்றை விட்டுவிடுகிறது. வலி வந்த பிறகோ, உடல் தன்னையறியாமல் நல்ல காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொள்கிறது. நொந்த கால் மேலும் மெலிகிறது. சரிவில் இறங்கும்போது முழங்கால் சில்லின்மீது விழும் அழுத்தம் சமதரையில் நடப்பதைவிடப் பல மடங்கு மிகுதி. ஆகவே தொடைத் தசையின் வலிமை மலையில் வாழ்வோருக்கு மிகவும் இன்றியமையாதது. மெலிந்த தசையைக் கண்டறிந்து, அளவாகவும் முறையாகவும் வலுப்படுத்துவதே பயிற்சியின் பணி.

அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. முழங்கால் தேய்மானத்துக்குச் சொல்லித்தரப்படும் எளிய பயிற்சி ஒன்றைப் பாருங்கள். காலை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை முழங்காலால் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். ஐந்து எண்ணும்வரை அப்படியே வைத்திருந்து தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை போதும். மெழுகு ஒத்தடமும் மின்தூண்டல் கருவியும் வலியைத் தற்காலிகமாகத் தணித்துப் பயிற்சிக்கு உடலை ஆயத்தப்படுத்துபவை. அவை மட்டுமே சிகிச்சை ஆகிவிடா. பயிற்சியின்போது சிறிது வலி இருப்பது இயல்பு. மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட்டால் அச்சமில்லை. அடங்காவிட்டால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகச் சில வாரங்கள் தொடர்ந்த பிறகே பலன் தெரியும். அண்டை வீட்டாருக்குச் சொன்ன பயிற்சி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதால், உங்களுக்குரியதை இயன்முறை மருத்துவர் சோதித்துச் சொல்ல வேண்டும்.

இனி, உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு சொல். பக்கவாதத்துக்குப் பின் மூளை இழந்த அசைவை மீண்டும் கற்பது, அந்த அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால்தான். முதல் சில மாதங்களிலேயே மீட்சி மிகுதியாக நிகழ்கிறது. அந்தக் காலத்தில் ஊட்டிவிடுவது, உடுத்திவிடுவது, தூக்கி அமர்த்துவது என எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம். அன்பினால் செய்கிறோம்; ஆனால் அவர் கற்க வேண்டிய வாய்ப்பை அந்த அன்பே பறித்துவிடுகிறது. சட்டைப் பொத்தானைப் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆகுமானால், அந்தப் பத்து நிமிடமும் சிகிச்சையே. விழாதபடி அருகில் நில்லுங்கள்; அவரால் இயலாத பகுதிக்கு மட்டும் கைகொடுங்கள். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள்; தோள் மூட்டு நழுவித் தீராத வலி உண்டாகும்.

இந்த எண்ணத்துக்குத் தமிழகத்தில் நீண்ட வரலாறு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1966-இல் வேலூரில் அதற்கென ஒரு மையம் உருவாகக் காரணமானார். உயிரைக் காப்பதோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை, நோயாளியை அவரது வாழ்வுக்குத் திருப்பி அனுப்பவும் வேண்டும் என்பதை அவர் தம் வாழ்க்கையாலேயே காட்டினார்.

நோயாளியின் வீட்டுக்கே சிகிச்சையைக் கொண்டுசெல்லும் முயற்சியும் நம் அண்டை மாவட்டத்திலேயே தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளோடு வீட்டிலேயே அளிக்கப்படும் இயன்முறை மருத்துவமும் சேர்க்கப்பட்டது. பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் மலையூர்கள் அனைத்துக்கும் ஓர் இயன்முறை மருத்துவர் நாள்தோறும் சென்றுவர இயலாது. அவர் வராத நாள்களில் சிகிச்சையைத் தொடர வேண்டியவர்கள் வீட்டாரே. ஆகவே மருத்துவமனைகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தொலைவிலிருந்து வருபவருக்கு முதல் நாளிலேயே, உடன் வந்தவரையும் அருகில் வைத்துக்கொண்டு பயிற்சியைக் கற்பிக்க வேண்டும். அதைக் கற்பிக்காமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால், சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியதாகவே நான் கருதுவேன்.

நீங்கள் செய்ய வேண்டியதும் எளிது. புறப்படுமுன் பயிற்சியை இயன்முறை மருத்துவரின் முன்னிலையில் ஒருமுறை செய்துகாட்டுங்கள். எத்தனை முறை, எத்தனை வேளை என்பதை எழுதி வாங்குங்கள். அவர் இசைந்தால் கைப்பேசியில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் மாத்திரை நேரத்தோடு பயிற்சி நேரத்தையும் இணைத்துவிடுங்கள்.

சில அறிகுறிகள் தென்பட்டால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் வாருங்கள்: காய்ச்சலுடன் மூட்டு வீங்கிச் சுடுதல், இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காரணமின்றி எடை குறைதல், கைகால் புதிதாகத் தளர்தல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு தவறுதல்.

மற்றபடி, மருந்துப் பையைக் கேட்டு வாங்கிச் செல்வதுபோலப் பயிற்சியையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அது உங்கள் உரிமை. அதை நாள் தவறாமல் செய்வது உங்கள் கையில் இருக்கிறது.