திருமண விருந்துக்கு டிஜே தேவையா?

திருமண விருந்துபசரிப்பு என்றதும் மண்டபம், உணவு ஆகியவற்றோடு டிஜேவையும் ஏற்பாடு செய்வது இன்று வழக்கமாகிவிட்டது. இசை இல்லாத விருந்து களைகட்டாது என்பது உண்மையே. ஆயினும், அதற்கு டிஜே கட்டாயமில்லை என்பது என் கருத்து.

பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால் வட்டாரத்திலுள்ள பைராம் தோட்டம் போன்ற ஊர்களில், ஒரு வீட்டுத் திருமணம் ஊரார் அனைவரின் திருமணமாகும். பந்தல் போடவும் காய்கறி நறுக்கவும் பல கைகள் திரளும். இசைக்கும் அத்தகைய கூட்டு முயற்சி போதும். பாடத் தெரிந்த அத்தையும் உறுமி வாசிக்கும் இளைஞர்களும் நம்மிடையே இருக்கிறார்களே! முகூர்த்தத்திற்கு வாசிக்கும் நாதசுவர, தவில் கலைஞர்களையே விருந்தினரை வரவேற்கவும் அழைக்கலாம். நாம் செலவிடும் பணம் மரபுக் கலையை வாழவைக்கும்.

எஞ்சிய நேரத்திற்குக் கைப்பேசியும் மண்டபத்து ஒலிபெருக்கியும் போதும். வரவேற்பு, உணவு, ஆட்டம் என மூன்று பாடல் பட்டியல்களை முன்கூட்டியே பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். முதல் நாளே ஒலியைச் சோதிப்பதும், மாற்றுக் கைப்பேசி ஒன்றை வைத்திருப்பதும் நன்று.

கூட்டத்தின் மனநிலைக்கேற்பப் பாடலை மாற்ற டிஜேவால்தான் முடியும் என்பர் சிலர். பாட்டிக்குப் பிடித்த பாடல் எது என்பதை அறிந்த உறவினர் ஒருவரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தால் அக்குறையும் நீங்கும்.

மேலும், 100 டெசிபல் ஒலியை ஏறக்குறைய 15 நிமிடங்களுக்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு. பல ஆண்டுகளுக்குப் பின் சந்திக்கும் உறவினர்கள் மனம்விட்டுப் பேசவே விருந்துக்கு வருகின்றனர். அவர்களின் பேச்சுக்கு இடம் தரும் இசையே திருமணத்திற்கு அழகு.