ஜாயிஸ் இல்லாத ஜவாஸ்

பாஸ்போர்ட்டுக்கு அரபுமொழியில் ‘ஜவாஸ்’ என்று பெயர். சவூதியில் உழைத்துத் திரும்பிய நம் சகோதரர்கள் ‘ஜவாஸாத்’ அலுவலகம் என்று குறிப்பிடுவதை நாம் கேட்டிருக்கிறோம். மார்க்கச் சட்ட நூல்களில் ‘ஆகுமானது’ என்னும் பொருளில் வழங்கும் ‘ஜாயிஸ்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். கடந்து செல்லுதல் என்பது அவ்வேரின் அடிப்படைப் பொருள். இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால், ஜாயிஸ் இல்லாத வழியில் ஜவாஸ் பெறுவதைச் சாமர்த்தியமென்று மெச்சும் வழக்கம் நம் சமுதாயத்தில் வேரோடிக் கிடக்கிறது. அதைக் கண்டிக்கவே இக்கட்டுரை.

தென்காசி, கடையநல்லூர், வடகரை, அச்சன்புதூர், பொட்டல்புதூர் ஆகிய நம் ஊர்களுக்குக் கடல்கடந்த பிழைப்புப் புதிதன்று. கடையநல்லூர் மக்கள் சிங்கப்பூரில் 1941ஆம் ஆண்டிலேயே தம் ஊர்ப்பெயரால் முஸ்லிம் லீக் அமைத்து, 1946இல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியும் கண்டவர்கள். அன்று கப்பலேறியவர்களின் பேரன்மார் இன்று வளைகுடா விமானம் ஏறுகின்றனர். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் விடுப்பில் வருவோர் அருவியில் குளிப்பதோடு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் வேலையையும் முடித்துக்கொள்ள எண்ணுவர். அப்போதுதான் திண்ணைகளில் ஒரே புலம்பல் கேட்கிறது: பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறொரு பெயர், தாய் சொல்லும் வயது ஒன்று, தாள் சொல்லும் வயது மற்றொன்று. உடனே, “முஸ்லிம் பெயர் என்றாலே இழுத்தடிக்கிறார்கள்” என்று பழி முழுவதையும் அலுவலகத்தின் தலையில் போட்டுவிடுகிறோம். அப்படி இழுத்தடிக்கும் அதிகாரியே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. ஆனால், அவர் கையில் கத்தியை எடுத்துக் கொடுத்தவர் யார் என்பதே என் வினா.

வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு அனுப்ப வயதைக் கூட்டி எழுதுகிறோம். வயது கடந்தவருக்குக் குறைத்து எழுதுகிறோம். ஒரு நாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர் மறுபடி நுழைவதற்காகப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி இன்னொரு பாஸ்போர்ட்டுக்கு முயல்கிறார். இவற்றுக்கெல்லாம் ஏஜென்ட் வழி சொல்கிறார், தந்தை தலையசைக்கிறார், தெரிந்தவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்து இடுகிறார். ஐவேளைத் தொழுகையில் முன்வரிசையில் நிற்பவரும் இதற்குக் கூசுவதில்லை. பிறந்த தேதி தெரியாத அந்நாளில், பள்ளியில் சேர்ப்பதற்காக ஆசிரியர் போட்ட ஜூன் மாதத் தேதியைச் சுமந்து வாழும் முதியோரை நான் குற்றம் சொல்லவில்லை. அது அறியாமை. அறிந்தே சொல்லும் பொய் வேறு. பொய்ச் சாட்சியத்தைப் பெரும்பாவங்களின் வரிசையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வைத்தார்கள் என்பதை மதரஸாவில் ஓதும் சிறுவனும் அறிவான்.

“அது வெறும் காகிதந்தானே, என் பெயரை அல்லாஹ் அறிவான்” என்பது நம்மவர் சொல்லும் முதல் சமாதானம். காகிதத்தை அற்பமாக எண்ணுபவர், திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பதைச் சற்றே சிந்திக்கட்டும். பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டுமென்றும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையக் கூடாதென்றும் அது கட்டளையிடுகிறது.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 628இல் ஹுதைபிய்யாவில் நடந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உடன்படிக்கையில் ‘அல்லாஹ்வின் தூதர்’ என்று எழுதப்பட்டதைக் குறைஷியரின் தூதுவர் சுஹைல் இப்னு அம்ரு ஏற்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் அதை அழிக்கச் செய்து, அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது என்று எழுதச் செய்தார்கள். இரு தரப்பாரும் ஐயமின்றி அறிந்த பெயரும் தந்தை பெயருமே அங்கே பதிவாயின. அக்காகிதத்தின் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டே, விலங்குடன் தப்பிவந்த அபூ ஜந்தல் (ரலி) அவர்களை மனம் வெதும்பத் திருப்பி அனுப்பினார்கள். இவ்வரலாற்றை மேடையில் முழங்கிவிட்டு, மறுநாள் ஏஜென்டிடம் மகனின் வயதைக் கூட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

“இது மனிதன் போட்ட சட்டம்” என்பது இரண்டாவது சமாதானம். எல்லை கடக்கச் சீட்டுக் கேட்பது ஐரோப்பியர் கண்டுபிடித்த புதுமையன்று. எகிப்துக்கும் ஷாமுக்கும் இடையே கத்யா என்னுமிடத்தில் சீட்டின்றி எவரும் கடக்க இயலாதென்று 14ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா எழுதியிருக்கிறார். அவை முஸ்லிம் அரசர் ஆண்ட நிலங்கள். நம் நாட்டிலோ, வெளிநாடு செல்வது தனிமனிதச் சுதந்திரத்தின் ஒரு பகுதியென்று 1967இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாகவே அவ்வாண்டில் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. ஆகவே பாஸ்போர்ட் கேட்பது நம் உரிமை. உரிமையைக் கேட்பவன் தலைநிமிர்ந்து உண்மை சொல்லிக் கேட்க வேண்டும். அறிந்தே பொய்த் தகவல் தருவோருக்கு அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. 17ஆம் பிரிவோ, பாஸ்போர்ட் எக்காலமும் மத்திய அரசின் உடைமையே என்கிறது. அப்படியாயின் நம் கையில் இருப்பது ஓர் அமானிதம். அமானிதத்தில் மோசடி செய்வோன் யாரைச் சேர்ந்தவன் என்று உலமாக்கள் சொல்லக் கேட்டதில்லையா?

“வறுமை, வேறு வழியில்லை; நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும்” என்று சட்ட விதியை மேற்கோள் காட்டுவோரும் உளர். அவ்விதி பசியால் உயிர் போகும் நிலையில் இருப்பவனுக்குச் சொல்லப்பட்டது. பதினேழு வயதுப் பிள்ளையை இருபத்திரண்டு என்று எழுதி, அனல் தகிக்கும் கட்டடப் பணிக்கு அனுப்பும் தந்தைக்கு அது பொருந்தாது. அவ்விதியைப் பாதி படித்தவர்கள், நிர்ப்பந்தம் தேவையின் அளவைத் தாண்டக் கூடாது என்னும் அடுத்த விதியையும் படிக்கட்டும்.

பொய்யொரு பக்கம் இருக்க, அலட்சியம் செய்யும் கேடும் சிறிதன்று. முகைதீன், மைதீன், மொய்தீன் என்று ஒரே பெயரை வீட்டுக்கொரு விதமாக எழுதுகிறோம். பாரத்தில் பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. முதலெழுத்தையும் பாரம் ஏற்பதில்லை. உடனே ஏஜென்ட் ‘அப்துல் ரஹ்மான்’ என்பதை இரண்டாக வெட்டி, ‘அப்துல்’ ஒரு கட்டத்திலும் ‘ரஹ்மான்’ மறு கட்டத்திலும் போட்டுவிடுகிறார். ரஹ்மானுடைய அடிமை என்று பொருள்படும் பெயர், அரைகுறைச் சொல் ஒன்றாகவும், இறைவனுக்கே உரிய திருநாமம் ஒன்றாகவும் பிளவுபடுகிறது. அயல்நாட்டு அலுவலகத்தில் அம்மனிதனை ‘ரஹ்மான்’ என்றே அழைக்கின்றனர். வல்லமையுடையோன் என்று பொருள்தரும் ‘காதிர்’ அடிநாக்கில் பிறக்கும் காஃப் எழுத்துக்குரியது. ஆங்கிலத்தில் அதை மனம்போன போக்கில் எழுதிக் கொடுத்தால், அரபு எழுத்தர் மற்றொரு காஃபைப் போட்டுக் ‘கதர்’ ஆக்கிவிடக் கூடும். அதற்குக் கலங்கல் என்று பொருள். பெயர் முழுவதையும் ஒரே கட்டத்திலும், தந்தையின் பெயரை மறு கட்டத்திலும் எழுதினால் இத்தொல்லை இல்லை. தனிப்பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா வருவோரை 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஏற்க மறுத்ததையும் நினைவில் கொள்க. தமிழர் பெயர் மரபை அறியாத பாரத்தை வகுத்த அரசும் இதில் குற்றமற்றதன்று. அதைத் திருத்தக் கோருவதும் நம் கடமையே.

ஹஜ்ஜுக்கும் இதே நிலைதான். முன்பு ஹஜ் கமிட்டி வழியே செல்வோருக்குத் தனி யாத்திரைச் சீட்டு இருந்தது. 2009 முதல் அவர்களுக்கும் பாஸ்போர்ட் கட்டாயமாயிற்று. பாவங்களைக் களைய இஹ்ராம் உடுத்துபவர், தாமே புனைந்த பிறந்த தேதியை இடுப்புப் பையில் சுமந்தபடியா கஅபாவை வலம் வருவது?

இத்தனைக்கும் விலை கொடுப்பவர் பெரும்பாலும் பிழை செய்தவர் அல்லர். அயல்நாட்டில் ஒருவர் மௌத்தானால், மையித்தை அனுப்புவது முதல் சம்பளப் பாக்கி, இழப்பீடு ஈறாக அனைத்தும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே பற்றி நிற்கும். நிக்காஹ் தப்தரில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் வேறு பெயரும் இருந்தால், இத்தாவில் இருக்க வேண்டிய பெண், இறந்தவர் தன் கணவர்தாம் என்று மெய்ப்பிக்க அலுவலகப் படிகளில் ஏறியிறங்க நேரிடும். ஃபராயிள் சட்டம் ஒதுக்கிய பங்கு யத்தீம்களின் கைக்கு வர ஆண்டுகள் ஆகும். தகப்பன் அன்று சொன்ன சிறு பொய்க்கு இன்று பிள்ளைகள் கடன் தீர்க்கின்றனர்.

திருத்தம் தொட்டிலிலிருந்தே தொடங்க வேண்டும். ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுவது நம் சுன்னத். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டுமென்பது நாட்டுச் சட்டம். இடையே இரு வாரங்கள் இருக்கின்றன. பெயரின்றிப் பதிந்தாலும் 12 மாதம் வரை கட்டணமின்றியும், 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். ஆடறுத்துப் பந்தி வைப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை இதில் காட்டினால் போதும். 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் பிறக்கும் குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரமென்று 2025இல் விதி வந்துவிட்டது. இனிச் சாக்குச் சொல்ல இடமேயில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளே! அகீகா வீட்டில் பிறப்புப் பதிவைக் கேளுங்கள். நிக்காஹ் தப்தரில் மணமக்களின் பெயரைப் பள்ளிச் சான்றிதழில் உள்ளவாறே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். மணமான பெண்ணின் பெயரோடு கணவர் பெயரை ஒட்டுவதை விடுங்கள். மக்களைத் தந்தையரின் பெயராலேயே அழைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது, பாஸ்போர்ட் விதியும் அம்மாற்றத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. படித்த இளைஞர் இருவரைப் பள்ளிவாசலில் அமர்த்தி, விண்ணப்பம் எழுத எளியவருக்கு உதவச் செய்யுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு அரசு கேட்கும் கட்டணம் 1,500 ரூபாய். எஞ்சியதெல்லாம் நம் சோம்பலுக்கு ஏஜென்ட் வாங்கும் கூலி.

விமானநிலையத்து அதிகாரி நம்மைக் கேட்கும் முதல் வினா பெயர். கப்றில் மலக்குகள் கேட்கும் வினாக்கள் வேறு. அங்கே பதில் சொல்ல ஏஜென்ட் வரமாட்டார். இங்கே உண்மை எழுதப் பழகியவர்களுக்கு அங்கும் நாவு தடுமாறாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.